கீசர் வால்வை அடைத்துவிட்டுப் போன பிளம்பர்: குன்னூரில் நம்பி வீட்டுக்குள் விட ஆள் இருக்கா?

சீகைமரம் (குன்னூர்) – வெள்ளி, இரவு 8.10

எல்லாருக்கும் வணக்கம். சிம்ஸ் பார்க்குக்குக் கீழே சரிவில் எங்க வீடு. நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு 74. பாத்ரூமில் 25 லிட்டர் கரண்ட் கீசர், ஆறு வருஷம் ஆச்சு.

தீபாவளிக்கு முன்னாடியே ஒரு தொல்லை ஆரம்பிச்சுது. கீசருக்கு அடியில், பச்சைத் தண்ணி உள்ளே போற பைப்பில் ஒரு பித்தளைச் சாமான் இருக்குமே, அதோட மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாத் தண்ணி. கூத்து என்னன்னா பகல்ல சொட்டாது. ராத்திரி பத்து மணிக்கு மேலதான். விடிய விடிய டொக் டொக்னு பக்கெட்டில் விழும். அம்மாவுக்குத் தூக்கமே போச்சு.

முதல்ல வந்தவர் பகல் பதினொரு மணிக்கு வந்தார். பார்த்தார், "சொட்டவே இல்லையேம்மா" என்றார், 300 ரூபாய் வாங்கிட்டுப் போனார். ரெண்டாவது ஆள் போன வாரம் வந்தார். அந்த மூக்கில் டெஃப்லான் டேப் சுத்தி ஒரு டம்மி பிளக்கை முறுக்கிட்டு, "இனி ஜென்மத்துக்கும் சொட்டாது" என்றார். நிஜமாவே நின்னுபோச்சு. ஆனா இப்போ கீசர் ஓடும்போது உள்ளே இடிக்கிற மாதிரி சத்தம். ஹாட் வாட்டர் குழாயைத் திறந்தால் முதல்ல புஸ்ஸுனு ஆவி, அப்புறம்தான் தண்ணி. நேத்து அம்மா குழாயைத் தொட்டப்போ கை சுள்ளுனு இழுத்திருக்கு.

இதெல்லாம் சாதாரணம்தானா? இல்லைன்னா நம்பகமான பிளம்பர் யாராவது சொல்லுங்க. காலை அஞ்சு மணிக்குக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணி இல்லைன்னா அம்மா என்னை வீட்டை விட்டே துரத்திடுவாங்க.

---

லோகோஷெட்மகன் (வெலிங்டன்) – வெள்ளி, இரவு 8.22

அக்கா, இதைப் படிச்ச உடனே எழுந்து போய் கீசரோட எம்.சி.பி.யை (போர்டில் இருக்கிற ட்ரிப் சுவிட்ச்) இறக்குங்க. பாத்ரூம் சுவிட்ச் மட்டும் போதாது, போர்டில் இறக்குங்க. அதுக்கு அப்புறம் அதைத் தொடாதீங்க. அந்த பிளக்கைக் கழட்டிப் பார்க்கலாம்னு ஸ்பானரும் கையுமா ஏறாதீங்க, உள்ளே சூடு இருக்கிறவரைக்கும் ஆபத்து. நாளைக்குக் காலை வரைக்கும் ஆறட்டும்.

மத்ததை அப்புறம் பேசலாம். இறக்கிட்டீங்களான்னு ஒரு வரி போடுங்க.

---

சீகைமரம் – வெள்ளி, இரவு 8.31

இறக்கிட்டேன். பயமுறுத்துறீங்களே.

---

லோகோஷெட்மகன் – வெள்ளி, இரவு 8.50

பயப்படத்தான் வேணும், கொஞ்சம்.

அந்தப் பித்தளைச் சாமான்தான் சேஃப்டி வால்வ். கீசர் டேங்க் நாலு பக்கமும் மூடின பாத்திரம். உள்ளே அழுத்தம் ஏறினால் வெளியே போக அதுக்கு இருக்கிற ஒரே மூக்கு அது. உங்க பிளம்பர் மூக்கையே பஞ்சு வெச்சு அடைச்சுட்டுப் போயிருக்கார்.

எங்கப்பா குன்னூர் லோகோ ஷெட்டில் ஃபிட்டர். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் பல் சக்கரம் கடிச்சு ஏறுதே அந்த எக்ஸ் கிளாஸ் நீராவி எஞ்சின், அதோட பாய்லர் வேலை. சின்ன வயசுல ஷெட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். எஞ்சின் நிக்கிறப்போ திடீர்னு வால்வ் தூக்கி ஆவி அலறும், நான் ஓடுவேன். அப்பா சொல்வார், "அது கத்துறவரைக்கும் நீ நிம்மதியா நில்லு, கத்தாம இருந்தாத்தான் ஓடணும்." ஷெட்டில் எதை வேணா விளையாட்டா எடுத்துக்குவாங்க, சேஃப்டி வால்வை மட்டும் அதுக்குரிய ஆள் தவிர ஒருத்தரும் தொடமாட்டாங்க. நீராவி பாய்லருக்கு 1923-லேயே தனிச் சட்டம் வந்தாச்சு, இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடணும். உங்க பாத்ரூமில் தொங்குறதுக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார். அந்த வால்வ்தான் இன்ஸ்பெக்டர்.

ஆவி வருது, இடிக்குதுன்னு எழுதியிருக்கீங்க. தெர்மோஸ்டாட்டும் (தண்ணி போதுமான சூடு ஆனதும் கரண்ட்டை நிறுத்துற சாமான்) ஒட்டிக்கிச்சுன்னு சந்தேகமா இருக்கு. நல்லா இருக்கிற தெர்மோஸ்டாட் ஆவி வர்ற அளவுக்குப் போகவே விடாது. வால்வ் அடைப்பும் தெர்மோஸ்டாட் கோளாறும் ஒரே கீசரில் சேர்ந்தால்... வேண்டாம், ராத்திரி நேரத்துல சொல்ல வேண்டாம்.

---

காந்தல்காரன் (ஊட்டி) – வெள்ளி, இரவு 9.15

ஏன் சார் பொம்பளைங்களை இப்படி மிரட்டுறீங்க? எங்க வீட்டுல எட்டு வருஷமா அந்த வால்வ் அடைச்சுதான் இருக்கு. காந்தல்ல குளிர் தெரியுமில்ல? டிசம்பர் ஜனவரில வெளியே வெச்ச பக்கெட் தண்ணி மேல ஐஸ் நிக்கும். தினமும் நாலு பேர் குளிக்கிறோம். ஒண்ணும் ஆகலை.

---

அரவேணு டீச்சர் – வெள்ளி, இரவு 9.48

காந்தல் தம்பி, உங்கள் வீட்டுக் கீசருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மாடியில் உள்ள தொட்டியிலிருந்துதானே? நடுவில் நான்-ரிட்டர்ன் வால்வ் (தண்ணீரைத் திரும்பிப் போக விடாத வால்வ்) இருக்கிறதா?

பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்த பழக்கம், ஒரு கணக்குப் போட்டுவிடுகிறேன். மலைத் தண்ணீர் இந்த மாதத்தில் ஏறக்குறைய 12 டிகிரி இருக்கும். அதை 65 டிகிரிக்குச் சுட வைத்தால் தண்ணீர் கிட்டத்தட்ட நூற்றுக்கு இரண்டு பங்கு பெருக்கும். 25 லிட்டரில் அது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. இந்த அரை லிட்டர் எங்காவது போக வேண்டும், தண்ணீர் அமுங்காது. நான்-ரிட்டர்ன் இல்லாத வீட்டில் அது வந்த வழியே திரும்பித் தொட்டிக்குப் போய்விடும். உங்கள் வீடு அப்படித்தான் இருக்க வேண்டும், அதனால்தான் எட்டு வருஷம். நான்-ரிட்டர்ன் இருந்தால் வால்வின் மூக்கு வழியே சொட்டும். அதாவது கீசர் ஓடும்போது மட்டும் கொஞ்சம் சொட்டினால் அது பழுதே இல்லை. அதுதான் அதன் வேலை.

உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு நாள் கீழே தண்ணீர் வரும் பைப்பில் உள்ள கேட் வால்வை மூடிவிட்டுக் கீசரைப் போட்டால் கதை மாறிவிடும்.

இன்னொன்று. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், திறந்த பாத்திரத்தில் 93 டிகிரிக்குள்ளேயே தண்ணீர் கொதித்துவிடும். மூடிய டேங்கில் அப்படி அல்ல. அழுத்தம் இருக்கும் வரை நூறைத் தாண்டியும் தண்ணீராகவே இருக்கும். டேங்க் பிளந்தால் அழுத்தம் சட்டென்று விழும், அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி அதே நொடியில் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும். பாத்ரூமில் அவ்வளவு இடம் ஏது?

---

காந்தல்காரன் – வெள்ளி, இரவு 10.02

டீச்சர், மாடித் தொட்டிதான். நான்-ரிட்டர்ன் இல்லை. நாளைக்கே அந்த பிளக்கைக் கழட்டுறேன். (ஆறின அப்புறம்தான்.)

---

சோலார்சாமி (கூடலூர்) – வெள்ளி, இரவு 10.20

இத்தனை தலைவலி எதுக்கு? சோலார் போட்டுட்டா கரண்ட் பில்லும் மிச்சம்.

---

காந்தல்காரன் – வெள்ளி, இரவு 10.24

சாமி, கூடலூர்ல உக்காந்து பேசாதீங்க. போன ஜனவரி உறைபனியில எங்க எதிர் வீட்டு சோலார் பைப் ராத்திரியோட ராத்திரியா வெடிச்சு, காலைல கூரையில இருந்து அருவி. ஜூன் ஜூலைல இங்க சூரியனை நாங்க போட்டோவுலதான் பாக்குறோம்.

---

மேல்கோடை (கொடைக்கானல்) – சனி, காலை 6.40

சோலார் வேணாம்னா கேஸ் கீசர் வாங்கிருங்க அக்கா. கரண்ட் போனாலும் சுடுதண்ணி, திறந்த அஞ்சாவது செகண்ட்ல கொதிக்கும். ஷாக் பயமும் இல்லை. விலையும் கம்மி.

---

நாயுடுபுரம் ஹோம்ஸ்டே (கொடைக்கானல்) – சனி, காலை 7.30

மேல்கோடை தம்பி, ஒரு நிமிஷம். அக்கா, அவசரப்பட்டு வாங்கிறாதீக.

என் ஹோம்ஸ்டேல நாலு ரூம். நாலு பாத்ரூமுக்குள்ளயும் கேஸ் கீசர் மாட்டிருந்தேன். மாட்டுன ஆளு ஒரு வார்த்தை சொல்லலை. குளிர் காத்து வருதுன்னு கெஸ்ட் புலம்புனதால நானே ஜன்னல் சந்துக்கெல்லாம் துணியத் திணிச்சு டேப் ஒட்டிட்டேன். தப்பு என் மேலதான், மறைக்கலை. ஒரு டிசம்பர் சாயங்காலம் மதுரைக் குடும்பம் ஒண்ணு வந்திருந்தாக. காலேஜ் படிக்கிற பொண்ணு குளிக்கப் போச்சு. அரை மணி நேரம் ஆச்சு, தண்ணி ஓடுற சத்தம் கேக்குது, பொண்ணு சத்தம் இல்லை. அவுங்கப்பா கதவ உடைச்சாரு. தரையில கெடந்துச்சு. வெளிய தூக்கிப் போட்டுக் காத்துப் பட்டதும் வாந்தி எடுத்துச்சு, ஆஸ்பத்திரில ஆக்சிஜன் வெச்சாக. பொழைச்சிருச்சு. எனக்கு இன்னும் அந்தக் கதவுச் சத்தம் கேக்கும்.

டாக்டர்தான் சொன்னாரு, கார்பன் மோனாக்சைடுன்னு. காத்து பத்தாம எரியுற அடுப்பு எதுல இருந்தும் அது வரும். வாசனை இல்லை, நிறம் இல்லை. நாம சுவாசிக்கிற ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல இறுக்கமா ரத்தத்துல ஒட்டிக்கிடுமாம். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அப்புறம் கால் நிக்காது. தப்பிக்கணும்னு தோணுறப்போ தாழ்ப்பாளத் தூக்கக் கையில தெம்பு இருக்காது. சிலிண்டர் லீக் ஆனா மூக்கு சொல்லும், அதுக்குன்னே நாத்தம் கலந்திருக்கான். இதுக்கு மூக்கு சொல்லாது. குளிருக்குக் கரி அடுப்பை ரூமுக்குள்ள வெச்சுப் படுத்துச் செத்துப்போனவுகளும் இதாலதான்.

அதுக்கப்புறம் நாலையும் கழட்டி வெளிச் சுவத்துல, மேல ஷெட் போட்டு மாட்டிட்டேன். சுடுதண்ணி பைப் மட்டும்தான் உள்ள வருது. சுடர் நீலமா எரியணும். மஞ்சளா எரிஞ்சா, மேல கரி படிஞ்சா அன்னைக்கே நிறுத்தணும். மலையில காத்தே கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு மெலிசு, சமவெளியில சரியா எரியுற அடுப்பு இங்க திணறும். பிளம்பரக் கூப்புட்டு கேஸ் லைன்ல கை வைக்க விடாதீக. சிலிண்டர் நாத்தம் வந்தா ரெகுலேட்டர மூடி, சுவிட்ச் எதையும் தொடாம வெளிய போயி 1906-க்குப் போன் அடிங்க, அது எல்லாக் கம்பெனிக்கும் பொது.

---

மேல்கோடை – சனி, காலை 7.52

அண்ணே, எங்க வீட்டுலயும் பாத்ரூமுக்கு உள்ளதான் இருக்கு. போன மாசம் குளிச்சுட்டு வந்து தலைய வலிக்குதுன்னு ரெண்டு தடவை மாத்திரை போட்டேன். இப்பதான் உறைக்குது. இன்னைக்கே நிறுத்துறேன்.

---

ஒயர்மேன் கட்டபெட்டு – சனி, காலை 8.15

எல்லாரும் வால்வையே பேசிட்டு இருக்கீங்க. குழாயைத் தொட்டா சுள்ளுனு இழுத்துச்சுன்னு அந்தம்மா எழுதியிருக்காங்களே, அதை யாரும் கவனிக்கலையா? என் கணக்குல அதுதான் முதல் ஆபத்து.

மேடம், மூணு கேள்வி. ஒண்ணு, கீசர் பிளக் பாயின்ட்ல மூணாவது பெரிய ஓட்டைக்குப் பின்னாடி எர்த்து ஒயர் நிஜமா வருதா? ரெண்டு, மெயின் போர்டுல டெஸ்ட் பட்டன் வெச்ச ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானா விழுற சுவிட்ச்) இருக்கா? மூணு, சமீபத்துல தண்ணி பைப்பை மாத்தினீங்களா?

---

சீகைமரம் – சனி, காலை 8.40

முதல் கேள்விக்குப் பதில் தெரியாது சார். ரெண்டாவது: ஒண்ணு இருந்துச்சு, மழைக்காலத்துல அடிக்கடி விழுதுன்னு அப்பா இருந்தப்பவே யாரோ அதைக் கழட்டி நேரா ஜாயின்ட் போட்டுட்டாங்க. மூணாவது: ஆமா! போன மார்ச்சில் பழைய இரும்பு பைப் எல்லாம் துருப்பிடிச்சுப்போச்சுன்னு மொத்தமும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் போட்டோம். ஆனா கரண்ட்டுக்கும் பைப்புக்கும் என்ன சம்பந்தம்?

---

ஒயர்மேன் கட்டபெட்டு – சனி, காலை 9.05

நிறைய சம்பந்தம் மேடம். நாப்பது ஐம்பது வருஷப் பழைய வீடுகள்ல எர்த்து பெரும்பாலும் பேருக்குத்தான் இருக்கும். ஆனா ஜி.ஐ. (இரும்பு) பைப் மண்ணுக்குள்ள போயிட்டு இருக்குமில்ல, அதுவே ஒரு எர்த்தா வேலை செஞ்சிட்டு இருந்திருக்கும். கீசர்ல கொஞ்சம் கசிஞ்சாலும் அந்தக் கரண்ட் பைப் வழியா மண்ணுக்குப் போயிடும், யாருக்கும் தெரியாது. பைப்பை பிளாஸ்டிக் ஆக்கின அன்னைக்கு அந்த வழி அடைஞ்சுபோச்சு. இப்போ கசிவு போக வழி தேடுது, உங்கம்மா ஈரக் கையோட குழாயைத் தொட்டதும் அவங்க வழியாப் போகுது. சி.பி.வி.சி. போட்டது தப்பில்லை, சுடுதண்ணிக்கு அதுதான் போடணும், சாதா பி.வி.சி. போட்டா இளகிடும். போட்டவர் "எர்த்தைப் பாருங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். பிளம்பருக்கு அது தெரியாது, எலக்ட்ரீஷியனை யாரும் கூப்பிடலை.

ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுதுன்னா அது கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்லை, எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம். 30 மில்லி ஆம்பியர்ல விழுறது பொருத்துங்க. 2,000 வாட் கீசருக்கு 16 ஆம்பியர் பாயின்ட், தனி எம்.சி.பி. பிளக் பின் கருகியிருக்கான்னும் பாருங்க.

பிளம்பர்கிட்ட ஒயரைக் கொடுக்காதீங்க. என்கிட்ட பைப் ரெஞ்ச்சைக் கொடுக்காதீங்க.

---

லோகோஷெட்மகன் – சனி, காலை 9.30

ஒயர்மேன் அண்ணா சொல்றது சரி, வரிசையில எதை முதல்ல வைக்கணும்னு நான் தவறவிட்டுட்டேன்.

அக்கா, ராத்திரி மட்டும் சொட்டுறது எனக்கு இன்னும் உறுத்துது. நீங்க சரிவுல இருக்கிறதாச் சொன்னீங்க. உங்க வீட்டுக்குத் தண்ணி எங்கிருந்து வருது?

---

சீகைமரம் – சனி, காலை 10.10

மேலே ரோட்டோரம் எங்க காலனிக்குப் பொதுத் தொட்டி இருக்கு. அங்கிருந்து நேரா லைன். எங்க வீடுதான் கடைசி, கீழே. தனித் தொட்டி கிடையாது. ரோட்டுலேர்ந்து வீட்டுக்கு வர எத்தனை படின்னு கேக்காதீங்க, கேஸ் சிலிண்டர்காரர் ஒவ்வொரு தடவையும் என்னைத் திட்டிட்டுத்தான் வர்றார்.

---

அரவேணு டீச்சர் – சனி, காலை 10.34

அப்படியானால் உங்கள் ராத்திரிப் பேய் பிடிபட்டது.

பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம். தொட்டி 60 மீட்டர் மேலே என்றால் உங்கள் குழாயில் 6 பார். பகலில் மேல் வீட்டுக்காரர்கள் எல்லோரும் குழாயைத் திறந்து வைத்திருப்பதால் அழுத்தம் இறங்கிவிடும். இரவில் ஊரே மூடியபின் முழு அழுத்தமும் கடைசி வீட்டில் வந்து உட்காரும். முதலில் வந்தவர் பகலில் பார்த்து ஒன்றும் இல்லை என்றதும் பொய் இல்லை, பாவம். கீசர் உடம்பில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள், எத்தனை பார் அல்லது எத்தனை மெகா பாஸ்கல் என்று போட்டிருக்கும். 0.8 மெகா பாஸ்கல் என்றால் 8 பார்.

ஹார்டுவேர் கடையில் பிரஷர் கேஜ் கிடைக்கும். ஒரு குழாயில் மாட்டி இரவு பதினொரு மணிக்கு ஒரு முறை பாருங்கள்.

---

சீகைமரம் – சனி, இரவு 11.20

தகட்டில் 6.5 பார். கேஜில் இப்போ 6.2. மத்தியானம் பார்த்தப்போ நாலுக்குக் கீழே. எனக்கு இப்போ கை கொஞ்சம் நடுங்குது. அம்மா என்னடான்னா, "அன்னைக்கே நான் சொன்னேன்ல, ராத்திரி என்னமோ ஆகுதுன்னு" என்கிறாங்க.

சரி, இப்போ பழைய கேள்விக்கே வர்றேன். இதையெல்லாம் செய்ய யாரை நம்புறது? ரெண்டு பேர் வந்தாச்சு. மூணாவது ஆளை எப்படித் தேடுறது?

---

குன்னூர் பழசு – ஞாயிறு, காலை 7.05

ஹார்டுவேர் கடையில் கேட்காதீங்க. கடைக்காரர் கைகாட்டுற ஆள் கடைச் சாமானை விற்கத்தான் வருவார். பழைய பங்களா வாட்ச்மேன்களைக் கேளுங்க. முதலாளி இல்லாதப்போ வீட்டுச் சாவியை எந்த பிளம்பர் கையில் கொடுப்பார்னு அவங்களுக்குத் தெரியும்.

---

லோகோஷெட்மகன் – ஞாயிறு, காலை 8.20

அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவங்க சிலர் இப்படி வெளிவேலை பார்க்கிறாங்க. பிரஷர்னா என்னன்னு கையில் தெரிஞ்சவங்க. ஆனா அவங்களை அவசரப்படுத்த முடியாது, டீ குடிச்சு முடிச்சாத்தான் பையைத் திறப்பாங்க.

---

காந்தல்காரன் – ஞாயிறு, காலை 8.45

எங்கே தேடினாலும் இந்த பிளம்பருங்க எல்லாம் ஒண்ணுதான். சீசன்ல லாட்ஜுக்கு ஓடுவானுங்க, நம்ம போனை எடுக்கமாட்டானுங்க. வந்தா அரைகுறை வேலை.

---

பைப்ரெஞ்ச் (கோத்தகிரி) – ஞாயிறு, மதியம் 1.15

நான் பிளம்பர்ங்க. இருபத்திரெண்டு வருஷம். ரெண்டு நாளா படிச்சிட்டு இருக்கேன், பேச வேண்டாம்னுதான் இருந்தேன்.

அந்த வால்வ்ல பிளக் போட்டது தப்பு. அதுல மறுபேச்சு இல்லைங்க. ஆனா எப்படி நடக்குதுன்னு சொல்றேன். போன் வரும். "சொட்டுது, நிறுத்திக் குடுங்க." அறுபது எழுபது படி இறங்கிப் போவேன். வால்வ் மாத்தணும், சொட்டுற தண்ணிய வெளிய விடப் பைப் போடணும், லைன்ல பிரஷர் குறைக்கிற வால்வ் போடணும்னு சொல்வேன். "எவ்வளவு?" ரெண்டாயிரம் மூவாயிரம் ஆகும்ங்க. "அட, ஒரு சொட்டுத் தண்ணிக்கு மூவாயிரமா? எங்களை என்ன டூரிஸ்ட்னு நினைச்சியா? எப்படியாச்சும் இன்னைக்கு நிறுத்து." முடியாதுன்னா, வந்ததுக்கு நூறு ரூபாய்கூடக் கிடைக்காதுங்க. எனக்கு அப்புறம் இன்னொருத்தன் வருவான், இருபது ரூபாய் டம்மிய முறுக்கி இருநூறு வாங்கிட்டுப் போவான். அவன் கெட்டிக்காரன், நான் ஏமாத்துக்காரன்னு ஊருக்குள்ள பேச்சு.

இளவயசுல நானும் ரெண்டு மூணு வீட்டுல பிளக் போட்டிருக்கேன். அப்புறம் ஒரு எஸ்டேட் குவார்ட்டர்ஸ்ல டேங்க் அடிப்பக்கம் பிதுங்கி நின்னதைப் பார்த்தேன். நான் போட்ட வீடு இல்லை, யாரோ போட்டது. அன்னைக்கு ராத்திரியே நான் போட்ட வீடுங்களுக்குப் போய், கேக்காமலே, காசு வாங்காமலே கழட்டிட்டு வந்தேன். ஒரு வீட்டுல திருடன்னு நினைச்சு நாயை அவுத்துவிட்டாங்க.

பிளம்பரை எப்படித் தெரிஞ்சுக்கிறதுன்னு கேட்டீங்கம்மா. வந்த உடனே பையைத் திறக்கிறவனை விட, எப்பேர்ந்து சொட்டுது, தண்ணி எங்கேர்ந்து வருது, மெயின் இறக்கியாச்சான்னு கேக்கிறவன் பரவாயில்லை. எர்த்துப் பத்திக் கேட்டா "அது என் வேலை இல்லைங்க, ஒயர்மேனைக் கூப்பிடுங்க"ன்னு சொல்றவனைக் கெட்டியாப் புடிச்சுக்குங்க. எல்லாமே நான் பாத்துக்கிறேன்னு சொன்னா யோசிங்க. கழட்டுன பழைய சாமானை உங்க கையில குடுக்கணும். புது வால்வ் டப்பாவுல எத்தனை பார்னு காட்டணும். முடிச்சிட்டு உடனே கிளம்பக்கூடாது, கீசரைப் போட்டு முழுசா ஒரு தடவை சூடேறி கட் ஆகுற வரைக்கும் பக்கத்துல நிக்கணும். அதுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்துக்கு ஒரு டீயாவது குடுங்க.

அந்த ரெண்டாவது ஆளுகிட்ட நீங்க என்ன கேட்டீங்கம்மா?

---

சீகைமரம் – ஞாயிறு, மாலை 4.40

அண்ணா, உண்மையைச் சொல்லிடறேன். அவர் முதல்ல வால்வ் மாத்தணும்னுதான் சொன்னார். குன்னூர் கடையில் ஸ்டாக் இல்லை, கோயமுத்தூரில் இருந்து வரணும், ரெண்டு நாள் ஆகும்னார். நான்தான் "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், இன்னைக்கு அம்மா தூங்கணும், எப்படியாவது சொட்டுறதை நிறுத்துங்க" என்றேன். முதல் பதிவில் அதை எழுதலை. எழுதத் தோணலை.

நீங்க குன்னூர் வருவீங்களா?

---

பைப்ரெஞ்ச் – ஞாயிறு, மாலை 5.30

செவ்வாய் வர்றேன்மா. ஒயர்மேனையும் அன்னைக்கே வரச் சொல்லுங்க, அவரு முன்னாடி, நான் பின்னாடி. அதுவரைக்கும் அம்மாவுக்கு அடுப்புல வெந்நீர்.

---

சீகைமரம் – புதன், காலை 9.15

நேத்து நடந்ததை எழுதிடறேன், இதே தொல்லை இருக்கிறவங்களுக்கு உதவும்.

கட்டபெட்டு ஒயர்மேன் சார் காலையிலேயே வந்துட்டார். பிளக் பாயின்ட்டைக் கழட்டினார், எர்த்து ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. வெறும் ஓட்டை! கீசர் காயிலை மெக்கர் (இன்சுலேஷன் பார்க்கிற மீட்டர்) வெச்சுப் பார்த்தார், இன்சுலேஷன் போயிருக்கு, அதுதான் கசிவு. தெர்மோஸ்டாட்டும் ஒட்டிப்போய்த்தான் இருந்துச்சு, லோகோஷெட் தம்பி சொன்ன மாதிரியே. டேங்க் நல்லா இருக்கு, பிதுக்கம் இல்லை. ரெண்டுபேரும் சேர்ந்து டார்ச் அடிச்சுச் சுத்திச் சுத்திப் பார்த்தாங்க. புதுசு வாங்கிடலாமான்னு கேட்டேன். இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓடும், ஆனா அடுத்த தடவை வாங்கும்போது 8 பார் வாங்குங்கன்னார் கோத்தகிரி அண்ணா.

புதுக் காயில், தெர்மோஸ்டாட், டேங்க் துருப்பிடிக்காம இருக்க உள்ளே இருக்கிற மெக்னீசியம் கம்பி (பழையது பென்சில் மாதிரி தேஞ்சிருந்துச்சு), புது சேஃப்டி வால்வ். வீட்டு லைன் ஆரம்பத்தில் பிரஷர் குறைக்கிற வால்வ், 3 பாருக்கு வெச்சிருக்கு. வால்வ் மூக்கிலிருந்து ஒரு சின்னப் பைப் சுவர் வழியா வெளியே போகுது, அதோட வாய் திறந்தேதான் இருக்கணும், அதுல குழாயோ மூடியோ போடக்கூடாதுன்னு அண்ணா மூணு தடவை சொன்னார். பின்பக்கம் புது எர்த்துக் குழி, ஆர்.சி.சி.பி. திரும்ப வந்தாச்சு. பகல் பூரா வேலை. நான் பயந்த அளவுக்கு ஆகலை, ஆனா அந்த மூவாயிரத்தை விட ரொம்பவே அதிகம்.

முடிச்சதும் கீசரைப் போட்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துட்டார். அம்மா டீயும் வர்க்கியும் கொடுத்தாங்க. நாப்பது நிமிஷத்தில் டக்குனு கட் ஆச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டப்புறம்தான் எழுந்தார்.

அந்த ரெண்டாவது பிளம்பருக்கும் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "இன்னும் ரெண்டு வீட்டுல போட்டிருக்கேன்மா" என்றார். கோத்தகிரி அண்ணா நம்பரை அவருக்குக் கொடுத்திருக்கேன்.

---

அரவேணு டீச்சர் – புதன், காலை 10.00

இரவு கேஜ் எவ்வளவு காட்டுகிறது?

---

சீகைமரம் – புதன், இரவு 11.05

3.1 டீச்சர். ராத்திரி சொட்டு இல்லை. காலையில் கீசர் ஓடும்போது மட்டும் வெளிப் பைப்பில் சொட்டுது. அம்மா அதுக்கடியில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை வெச்சிருக்காங்க. இன்னைக்குப் பாதி பாட்டில். அதுல தண்ணி இல்லாத நாள் உன்னைக் கூப்பிடறேன்னு சொல்லியிருக்காங்க.

---

புதுசு_யெல்லநள்ளி – வியாழன், காலை 6.12

இழையை முழுசாப் படிக்க நேரமில்லை. எங்க வீட்டு கீசர் வால்வ்லயும் சொட்டுது, உடனே நிறுத்தணும். அந்த பிளம்பர் நம்பர் யாராவது போடுங்களேன்?

---

நிர்வாகி – வியாழன், காலை 7.00

போன் நம்பர்களைப் பொதுவில் போட வேண்டாம், தனிமடலில் கேளுங்கள். யெல்லநள்ளி நண்பரே, நேரமில்லாவிட்டாலும் மேலே வெள்ளி இரவு 8.22 பதிவை மட்டும் படித்துவிடுங்கள்.